கிர்த்தாஸும் கார்தூஸும்: 1857இன் காகிதத் தோட்டாவும் கொழுப்பு பற்றிய ஃபிக்ஹும்

அருள்மறையின் ஆறாவது அத்தியாயமாகிய ‘அல்அன்ஆ’மில் ‘கிர்த்தாஸ்’ என்னும் சொல் ஏழாம் வசனத்தில் ஒருமையாகவும், தொண்ணூற்றோராம் வசனத்தில் ‘கராத்தீஸ்’ எனப் பன்மையாகவும் வந்துள்ளது. எழுதுவதற்குரிய ஏடு என்பது அதன் பொருள். கிரேக்க மொழியின் ‘கார்த்தேஸ்’ என்னும் சொல்லே பண்டை நாளில் அரபு மண்ணுக்கு வந்து, காலப்போக்கில் அரபாகவே ஆகிவிட்டது என்பர் சொற்பிறப்பு ஆய்வாளர். அதே கிரேக்கச் சொல் மறுபுறம் இலத்தீனில் ‘கார்த்தா’ ஆயிற்று. இத்தாலியில் காகிதச் சுருளைக் குறிக்கும் ‘கார்த்தோச்சோ’ ஆயிற்று. பிரெஞ்சில் ‘கார்த்தூஷ்’ ஆயிற்று. பின்னர் ஐரோப்பியரின் துப்பாக்கிகளோடு கீழ்த்திசைக்குத் திரும்பி, எகிப்திய அரபில் ‘கர்தூஷ்’ என்றும் உருதுவில் ‘கார்தூஸ்’ என்றும் புகுந்தது. ஆக, ஏட்டைக் குறிக்கும் கிர்த்தாஸும் தோட்டாவைக் குறிக்கும் கார்தூஸும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இவ்வுறவு சொல்லளவில் நிற்பதன்று. இன்று தோட்டா என்றதும் பித்தளைக் கூடே நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தோட்டா என்பது மெய்யாகவே காகிதந்தான். அக்காகிதச் சுருளில் தடவப்பட்ட ஒரு சிறிது கொழுப்பு 1857இல் இந்தியாவின் வரலாற்றைத் திருப்பிற்று. நம் மாணவர் பள்ளிப் பாடநூலில் படித்துவிட்டு வருவது ஒரே வாக்கியம்: தோட்டாவில் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவப்பட்டிருந்தன, முன்னது இந்துக்களையும் பின்னது முஸ்லிம்களையும் புண்படுத்தியது. இவ்வாக்கியம் பொய் என்று சொல்ல மாட்டோம். எனினும் அது அன்றைய முஸ்லிம் சிப்பாயின் முன் நின்ற கேள்வியைச் சுருக்கிச் சுருக்கி ஒரு வெறுப்புணர்ச்சியாக ஆக்கிவிட்டது. அக்கேள்வி ஃபிக்ஹின் கேள்வி. அதனை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் முதலில் அந்தத் தோட்டா எவ்வாறு செய்யப்பட்டது, கொழுப்புக்கு அதில் என்ன வேலை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மருந்தும் தாளும்

கருமருந்து என்பது ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பும் 15 பங்கு கரியும் 10 பங்கு கந்தகமும் சேர்ந்த கலவை. வெடியுப்பைச் ‘சீனத்துப் பனி’ என அரபு மருத்துவ நூலார் வழங்கினர், ஹிஜ்ரீ 646இல் (கி.பி. 1248) மறைந்த இப்னுல் பைத்தார் இதனைக் குறித்துள்ளார். பின்னர் ‘பாரூத்’ என்பதே அதன் பெயராகி, அப்பெயர் மருந்துக்கலவை முழுமைக்கும் ஆயிற்று. சிரியாவின் ஹசன் அர்ரம்மாஹ் (இறப்பு 1294 அளவில்) போர்க்கலை பற்றிய தமது நூலில், வெடியுப்பை மரச்சாம்பலைக் கொண்டு தூய்மை செய்யும் முறையை எழுதி வைத்தார். தாளோ சமர்க்கந்திலிருந்து பக்தாதுக்கு வந்தது. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில், ஹாரூன் அர்ரஷீதின் ஆட்சிக்காலத்தில், அந்நகரில் காகித ஆலை இயங்கிற்று. மருந்தும் தாளும் ஆகிய இவ்விரண்டையும் ஐரோப்பா நம்மவர் கைவழியாகவே பெரிதும் அறிந்தது. இதில் பெருமை பாராட்டுவதற்கு எதுவும் இருப்பதாக நாம் கருதவில்லை. ஆனால் 1857இல் கும்பினியாரின் மருந்துக்கு வேண்டிய வெடியுப்பு பீகாரின் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும், வங்காளப் படையின் சிப்பாய்களில் மிகப் பலர் அவத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களே என்பதும் மனத்தில் கொள்ளத்தக்கவை.

துப்பாக்கிக்குழலின் வாய்வழியாகவே மருந்தும் குண்டும் இடப்பட்ட காலம் அது. போர்க்களத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு முறையும் மருந்தை அளந்து கொட்டுவது இயலாது. ஆகவே ஒரு வேட்டுக்குரிய மருந்தையும் ஒரு குண்டையும் முன்கூட்டியே காகிதச் சுருளில் பொதிந்து கட்டினர். படைவீரன் ஒரு கையால் துப்பாக்கியைப் பிடித்திருப்பான். மற்றொரு கையில் தோட்டா. அதைக் கிழிக்க மூன்றாவது கை இல்லாமையால் பல்லால் கடித்துக் கிழித்தான். முன்பல் இல்லாதவன் காலாட்படைக்கு ஆகமாட்டான் என்று ஐரோப்பியப் படைகளில் கழித்துவிடும் அளவுக்கு இது முதன்மை பெற்றிருந்தது. கிழித்த வாய்வழியே மருந்தைக் குழலில் கொட்டி, எஞ்சிய தாளோடு குண்டையும் உள்ளே இட்டு, இரும்புக்கோலால் இடித்து இறக்குவர். ஒவ்வொரு முறையும் வாயில் சிறிது மருந்து படும். அது உப்புக் கரிக்கும். போர் நீண்டால் தாகம் வாட்டும்.

இந்தியச் சிப்பாய்கள் இவ்வாறு தலைமுறை தலைமுறையாகத் தோட்டாவைக் கடித்தே வந்தனர். அப்போது எழாத எதிர்ப்பு 1857இல் எழுந்தது ஏன்? விடை துப்பாக்கியின் அமைப்பில் இருக்கிறது. பழைய ‘பிரவுன் பெஸ்’ துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பானது. குண்டு குழலைவிடக் கணிசமாகச் சிறியது. தளர்வாகவே உள்ளே இறங்கும். அதற்கு எண்ணெயோ கொழுப்போ தேவையில்லை; தோட்டாவின் தாள் உலர்ந்த தாளே. 1853ஆம் ஆண்டு மாதிரியான என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலுக்குள் திருகுபோல் வளைந்து செல்லும் வரித்தடங்கள் வெட்டப்பட்டிருந்தன. குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்றுகொண்டே வெளிப்படுவதால் குறி தவறாமல் நெடுந்தொலைவு செல்லும். ஆனால் அதற்குக் குண்டு குழலோடு நெருங்கிப் பொருந்த வேண்டும். குழலின் விட்டம் 0.577 அங்குலம், குண்டின் விட்டம் 0.568 அங்குலம், இடையிலுள்ள சிறு வெளியைத் தாளே நிரப்பிற்று.

இங்கேதான் கருமருந்தின் குறை குறுக்கிட்டது. எரிந்த மருந்தின் எடையில் பாதிக்கு மேற்பட்டது புகையாகப் போகாமல் திடமான கசடாக நின்றுவிடும். சில வேட்டுகளுக்குள் வரித்தடங்களில் கசடு படிந்து இறுகி, அடுத்த குண்டை இறக்கவொட்டாமல் செய்யும். கசடை இளக்கவும் குண்டை வழுக்கி இறக்கவும் தாளின் மேல் ஒரு மசகு தேவைப்பட்டது. உருக்கிய விலங்குக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த கலவையில் தோட்டாவின் குண்டுப் பகுதியைத் தோய்த்தெடுத்தனர். மெழுகு மட்டுமாயின் இறுகிப் போகும். எண்ணெய் மட்டுமாயின் தாளில் ஊறி மருந்தைக் கெடுத்துவிடும். கொழுப்பு இரண்டுக்கும் இடைப்பட்டது. இங்கிலாந்தின் குளிர்நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதில் எண்ணிப் பார்க்க எதுவும் இருக்கவில்லை. மெழுகுவத்தியும் சவர்க்காரமும் அங்கே கொழுப்பினாலேயே செய்யப்பட்டன.

ஒரு நுட்பத்தை இங்கே நேர்மையோடு சொல்லியாக வேண்டும். சிப்பாய் கடித்துக் கிழிப்பது மருந்து இருக்கும் முனையை; கொழுப்பு தடவப்பட்டிருப்பது குண்டு இருக்கும் மறுமுனையில். எனவே கொழுப்பு வாயில் படவே இல்லை என்று வாதிட்டவர் உண்டு. இவ்வாதத்தில் பாதி உண்மையே உள்ளது. கல்கத்தாவின் வெயிலில் கொழுப்பு தான் தடவப்பட்ட இடத்திலேயே இருந்துவிடாது. நெய்யில் விழுந்த எலியைப் பற்றிய ஹதீஸில், உறைந்த நெய்யாயின் எலியையும் அதைச் சுற்றியுள்ளதையும் எடுத்தெறியுமாறு கூறப்பட்டதையும், உருகிய நெய்க்கு வேறு சட்டம் என்று ஃபுகஹாக்கள் பகுத்ததையும் அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. மேலும் ஈரமான நஜீஸ் வாயில் பட்டால்தான் என்பதில்லை. கையில் பட்டாலும் உடையில் பட்டாலும் கழுவாமல் தொழ முடியாது.

அதிகாரியின் இடுப்பில்

அதே ஆண்டுகளில் ஆங்கில அதிகாரிகளின் இடுப்பில் வேறு வகைக் காகிதத் தோட்டா இருந்தது. அமெரிக்கரான சாமுவேல் கோல்ட்டின் சுழல் கைத்துப்பாக்கியும், ஆங்கிலேயரின் பியூமாண்ட்–ஆடம்ஸ் ரிவால்வரும் அவர்களுள் வழங்கின. அரசு தராவிட்டாலும் தம் பணத்தில் வாங்கிக்கொண்டனர். சுழலும் உருளையில் ஐந்தோ ஆறோ அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறையிலும் முன்புறமாக மருந்தும் குண்டும் இட வேண்டும். பின்புறத்து முனையில் சிறு செப்புத் தொப்பி செருக வேண்டும். குதிரை மேலிருப்பவன் இவற்றைத் தனித்தனியே செய்வது கடினம். எனவே வெடியுப்புக் கரைசலில் நனைத்து உலர்த்திய மெல்லிய தாளில் மருந்தைப் பொதிந்து, குண்டின் அடிப்பகுதியோடு ஒட்டிவிட்டனர். இத்தாள் கிழிக்கப்படுவதில்லை. தொப்பியின் தீப்பொறி தாளையே எரித்து மருந்தைப் பற்றவைக்கும். சில ஆலைகள் தாளுக்குப் பதிலாக விலங்கின் குடற்சவ்வைப் பயன்படுத்தின. அது தாளைவிட வலுவானது, ஈரம் தாங்கும்.

இங்கும் கொழுப்பு உண்டு. ஓர் அறையின் தீ அடுத்த அறைக்குத் தாவாமலிருக்கவும் கசடு இளகவும் குண்டின் மேல் மசகு பூசுவர். ஆனால் இங்கே எதையும் பல்லால் கடிக்க வேண்டியதில்லை. அதிகாரிக்கு வாய்த்த தோட்டாவும் சிப்பாய்க்கு வாய்த்த தோட்டாவும் ஒரே கைத்தொழிலின் பிள்ளைகளாயினும், வாய் என்னும் ஓர் உறுப்பு இரண்டுக்கும் இடையே நின்றது. குடற்சவ்வுத் தோட்டாவைக் கையால் அடைத்த அதிகாரிக்குத் தன் சிப்பாயின் தயக்கம் விளங்காமற் போனதில் வியப்பில்லை.

எவருக்கும் தெரியாத கொழுப்பு

1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம் துப்பாக்கிப் பயிற்சி நிலையத்தில் செய்தி வெடித்தது. ஒரு கலாசி பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் அவரது செம்பில் தண்ணீர் கேட்டதாகவும், அவர் மறுத்தபோது, பசுவும் பன்றியும் கலந்த கொழுப்பை நீர் கடிக்கப் போகிறீர், அப்போது உம் சாதி எங்கே நிற்கும் என்று அவன் இடித்துரைத்ததாகவும் அதிகாரிகளின் அறிக்கைகள் கூறுகின்றன.

செய்தி திடீரென வந்ததாயினும் எச்சரிக்கை புதிதன்று. என்ஃபீல்டு தோட்டாக்கள் தட்பவெப்பச் சோதனைக்காக 1853இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோதே, வங்காளப் படையின் உயர் அதிகாரியான கர்னல் டக்கர், கொழுப்பு இந்நாட்டாரின் சமய உணர்வுக்கு மாறானதன்று என்பது உறுதியாகாதவரை இவற்றை ஐரோப்பியருக்கு மட்டுமே வழங்கவேண்டும் என எழுதினார். அவ்வெழுத்து கோப்புகளுக்குள் அடங்கிற்று. அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன், நம் வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று நடந்தது கும்பினியாருக்கு மறந்திருக்க நியாயமில்லை. தோலால் ஆன சின்னம் செருகிய புதிய தலைப்பாகையும், தாடியையும் சமயக்குறியையும் பற்றிய கட்டளையும் அங்கே இரத்தத்தில் முடிந்தன. அந்தத் தோல் எந்த விலங்கின் தோல் என்பதே அங்கும் எழுந்த கேள்வி.

டம்டம் செய்தியை ஆராய்ந்தபோது வெளிப்பட்ட உண்மைதான் நமது கட்டுரையின் மையம். கொழுப்பு ஒப்பந்தக்காரர் வாயிலாக வாங்கப்பட்டது. எந்த விலங்கின் கொழுப்பு என்று ஒப்பந்தத்தில் குறிக்கப்படவில்லை. ஆட்சேபத்துக்குரிய கொழுப்பு கலவாமலிருக்கச் சிறப்பான முன்னெச்சரிக்கை எதுவும் எடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை எனப் படைக்கலத் துறைத் தலைவரே சாட்சியம் அளித்தார். பன்றிக்கொழுப்பு இருந்தது என்று அன்று எவரும் நிறுவவில்லை. இல்லை என்றும் எவராலும் உறுதி கூற இயலவில்லை. பிற்காலத்தில் ஃபாரஸ்ட் என்பார் அரசு ஆவணங்களை ஆராய்ந்து வெளியிட்டார். தாமும் அப்போரில் பங்குகொண்டவரான ராபர்ட்ஸ் பிரபு, அவ்வாய்வை மேற்கோள் காட்டி, ஆட்சேபத்துக்குரிய பொருள்கள் அக்கலவையில் மெய்யாகவே இருந்தன என 1897இல் வெளிவந்த தமது நினைவுநூலில் ஒப்புக்கொண்டார்.

அரசு சும்மா இருந்துவிட்டது என்று கூறுவதும் நியாயமன்று. ஜனவரி இறுதிக்குள்ளாகவே, சிப்பாய்கள் தாமே விரும்பிய மசகை வாங்கித் தடவிக்கொள்ளலாம் என ஆணை பிறந்தது. டம்டம் பயிற்சி நிலையத்தின் தலைவர் மேஜர் பான்டீனின் யோசனைப்படி, பல்லால் கடிப்பதற்குப் பதில் கையால் கிழிக்கலாம் என மார்ச்சு மாதத்தில் பயிற்சி முறையே மாற்றப்பட்டது. கொழுப்பிட்ட தோட்டாக்கள் சிப்பாய்களின் கைக்கு ஏறத்தாழப் போய்ச் சேரவேயில்லை. ஆனால் அதற்குள் ஐயம் கொழுப்பிலிருந்து தாளுக்குத் தாவியிருந்தது. புதிய தாள் பளபளப்பாக இருக்கிறதே, தாளின் உள்ளேயே கொழுப்பு ஊட்டப்பட்டிருக்குமோ என்றனர். தாளைச் சோதித்த அரசாங்க இரசாயனப் பரிசோதகர் கொழுப்பில்லை என்றார். நம்புவார் இல்லை. பிப்ரவரி 26 அன்று பெர்ஹாம்பூரில் 19ஆம் காலாட்படைப் பிரிவினர் ஏற்க மறுத்தது கொழுப்பே இல்லாத பழைய வகைத் தோட்டாவுக்கான செப்புத் தொப்பிகளையாகும்.

சட்டநூல்கள் என்ன கூறுகின்றன

பாடநூலின் அந்த ஒற்றை வாக்கியத்துக்கு இனித் திரும்புவோம். முஸ்லிமைப் பொறுத்தவரை சிக்கல் பன்றியோடு முடிவதில்லை. முறைப்படி அறுக்கப்படாமல் செத்த மாடும் ஆடும் ‘மைத்தா’தான், அவற்றின் கொழுப்பும் நஜீஸே. மறுபுறம், முறைப்படி அறுக்கப்பட்ட மாட்டின் கொழுப்பு நமக்கு ஹலால். கல்கத்தாவின் கசாப்புக்காரர்களில் முஸ்லிம்கள் பலராதலால், தோட்டாவிலிருந்த மாட்டுக்கொழுப்பு ஹலாலாகவே இருந்திருக்கவும் கூடும். ஆட்டுக்கொழுப்பு என்று அரசு சொன்னாலும் முஸ்லிமின் ஐயம் தீராது. பசுக்கொழுப்பு என்றாலும் தடை உறுதியாகாது. விலங்கு எது என்பதோடு அது எவ்வாறு உயிர்நீத்தது என்பதும் தெரிந்தாக வேண்டும். பிராமணச் சிப்பாயின் கேள்விக்கும் முஸ்லிம் சிப்பாயின் கேள்விக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாட்டை வரலாற்று நூலார் கண்டுகொள்வதில்லை.

தொழிலுக்குப் பயன்படும் கொழுப்பைப் பற்றி நேரடியான நபிமொழியே நமக்கு உண்டு. மக்கா வெற்றியின் ஆண்டில் மது, மைத்தா, பன்றி, சிலைகள் ஆகியவற்றின் விற்பனை தடை செய்யப்பட்டதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்தபோது, தோழர்கள் மைத்தாவின் கொழுப்பைப் பற்றி வினவினர். மரக்கலங்களுக்குப் பூசவும், தோல்களை மெருகூட்டவும், விளக்கெரிக்கவும் அது பயன்படுகிறதே என்றனர். அதற்கும் தடையே விடையாகக் கிடைத்தது என ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. விலக்கப்பட்ட கொழுப்பை உருக்கி விற்றவர்களைப் பெருமானார் அதே இடத்தில் கண்டித்தார்கள். உருக்கினால் கொழுப்பு வேறொன்றாகிவிடாது என்பது அதனால் விளங்கும்.

அந்தத் தடை விற்பனையைக் குறிக்கிறதா, பயன்பாட்டையும் குறிக்கிறதா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ அறிஞர்கள் விற்பனையே தடுக்கப்பட்டது எனக் கொண்டு, உண்ணாமலும் உடலில் பூசாமலும் கலத்துக்கும் விளக்குக்கும் பயன்படுத்துவதை அனுமதித்தனர். பெரும்பாலோர் பயன்பாடும் தடையே என்றனர். ஆக, துப்பாக்கிக்குழலுக்கு மசகாக மட்டும் அது இருந்திருப்பின், ஷாஃபிஈ மத்ஹபின் வழியில் ஒரு வாயில் திறந்தே இருந்தது. வாயும் கையும் இடையில் வந்தபோது அதுவும் அடைபட்டது.

இன்னொரு வாயில் ‘இஸ்திஹாலா’, அதாவது பொருளின் இயல்பே முற்றிலும் மாறிவிடுவது. உப்பளத்தில் விழுந்து உப்பாகவே மாறிப்போன கழுதை தூய்மையாகும் என்றும், நஜீஸான எண்ணெயில் செய்த சவர்க்காரம் தூயதென்றும் ஹனஃபீ நூல்கள் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கருத்தைக் கொண்டு கூறும். ஷாஃபிஈகளிடம் இவ்வாயில் மிகக் குறுகியது. மது தானாகப் புளித்துக் காடியாவதும், பதப்படுத்தப்பட்ட தோலும் போன்ற சிலவே அதில் அடங்கும். நம் காலத்தில் மருந்துக் குளிகைகளின் ஜெலட்டின் பற்றி நடக்கும் வாதங்கள் எல்லாம் இவ்வடிப்படையில் எழுந்தவையே. ஆனால் தோட்டாவின் கொழுப்பில் இஸ்திஹாலா இல்லை. மெழுகோடு சேர்த்து உருக்கிய கொழுப்பு, ஆறியபின்னும் கொழுப்பே. சவர்க்காரமாகும்போது காரத்தோடு சேர்ந்து வேறு பொருளாகிறதே, அத்தகைய மாற்றம் இங்கே நிகழவில்லை.

எஞ்சுவது ஐயத்தின் சட்டம். உறுதியானது ஐயத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் பெருவிதிகளில் ஒன்று. பொருள்களின் அடிப்படை நிலை தூய்மையே. இவ்விதியைக் கொண்டு, ஆதாரமில்லாத வதந்திக்காகத் தாளையும் மெழுகையும் ஒதுக்குவது தேவையில்லை என ஒருவர் வாதிடலாம். தாளைப் பொறுத்தவரை அவ்வாதம் சரியே. ஆனால் இறைச்சியிலும் கொழுப்பிலும் விதி தலைகீழாகிறது. முறைப்படி அறுக்கப்பட்டது என்பது தெரியும்வரை தடையே அடிப்படை. வேட்டைக்கு ஏவிய தம் நாயோடு வேறு நாய்களையும் கண்டால் என்ன செய்வது என்று அதீ இப்னு ஹாத்திம் (ரலி) கேட்டபோது, எது கொன்றதென்று தெரியாதாகையால் உண்ணலாகாது என விடை கிடைத்தது. ஒப்பந்தக்காரரின் கொப்பரையில் எத்தனை விலங்குகளின் கொழுப்பு ஒன்றாக உருகிற்று என்பதை விற்றவரும் அறியார், வாங்கியவரும் அறியார். சிப்பாய் எழுப்பிய வினாவுக்கு விடை தரவேண்டியவர்களிடம் அவ்விடையே இல்லை.

மீரட்

இத்துடன் நிறுத்திக்கொண்டால் நமக்கு வசதியாக இருக்கும். ஆயினும் மீரட்டை விட்டுவிட முடியாது. ஏனெனில் அங்கே நாம் இதுவரை கூறியவை பொருந்துவதாகத் தோன்றவில்லை.

ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 3ஆம் இலேசுக் குதிரைப்படையின் 90 பேரை அணிவகுக்கச் செய்து, கர்னல் கார்மைக்கேல் ஸ்மித் தோட்டாக்களை வழங்கச் சொன்னார். அவை அவர்கள் நெடுநாள் பயன்படுத்திவந்த பழைய வகையே, கொழுப்பில்லாதவை. கடிக்க வேண்டியதில்லை, கையால் கிழித்தால் போதும் என்றும் சொல்லப்பட்டது. 85 பேர் மறுத்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முஸ்லிம்கள். இந்திய அதிகாரிகள் பதினைவரைக் கொண்ட இராணுவ நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. பெரும்பாலோர்க்குப் பத்தாண்டுக் கடுங்காவல். மே 9 அன்று படை முழுவதும் பார்த்திருக்க அவர்களின் சீருடை களையப்பட்டு, மணிக்கணக்கில் கால்விலங்கு பூட்டப்பட்டது. ரமளான் மாதத்தின் நடுப்பகுதி அது. மறுநாள் மாலையில் மீரட் எழுந்தது. அங்கிருந்து புறப்பட்டவர்கள் டில்லியை அடைந்தது மே 11, ஹிஜ்ரீ 1273 ரமளான் 16.

அந்தத் தோட்டாவில் ஹராம் என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படியாயின் அவர்கள் பிழை செய்தார்களா? அவர்கள் கூறிய காரணம் பதிவாகியுள்ளது. தோட்டாவை ஏற்றால் எங்களுக்குக் கெட்ட பெயர் வரும், மற்றப் படைப்பிரிவினர் எல்லோரும் ஏற்றபின் நாங்களும் ஏற்கிறோம் என்பதே அது. கர்னலுக்கு இது சாக்குப்போக்காகப் பட்டது. வரலாற்று நூல்கள் சிலவும் இதனைக் கூட்டத்தோடு கூட்டமாகப் போகும் கோழைத்தனமாகக் காட்டியுள்ளன.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் புகழ்பெற்ற ஹதீஸை நம் அரபுக்கல்லூரிகளில் முதல் வகுப்பு மாணவரும் மனனம் செய்வர். ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு. இடையிலுள்ள சந்தேகத்துக்குரியவற்றிலிருந்து விலகியவர் இரண்டைக் காத்துக்கொள்கிறார் என்பது அதன் கருத்து. தம் தீனைக் காத்துக்கொள்கிறார் என்பதோடு அது நிற்கவில்லை. ‘இர்ள்’ என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. இர்ள் என்றால் மானம், மக்களிடையே ஒருவருக்குள்ள நற்பெயர். பொருளில் ஹராம் இல்லை என்று தனக்குத் தெரிந்திருந்தாலும், ஹராமில் விழுந்தவன் எனப் பிறர் கருதும் நிலையிலிருந்து விலகுவது மார்க்கம் அறியாத செயலன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. மீரட்டின் குதிரைவீரர்கள் இந்த ஹதீஸை நினைத்துத்தான் பேசினார்கள் என நாம் சொல்லவரவில்லை. ஆனால் அவர்கள் அஞ்சிய கெட்ட பெயருக்கு மார்க்கத்தில் ஒரு பெயர் உண்டு; அதற்கு ஓர் இடமும் உண்டு. பெண் கொடுக்கவும் எடுக்கவும் ஊரில் ஒரே விரிப்பில் அமர்ந்து உண்ணவும் வேண்டியவர்கள் அவர்கள்; இரசாயனப் பரிசோதகரின் அறிக்கையை அவர்கள் ஊரார் படிக்கப்போவதில்லை.

தோட்டா ஒன்றே எழுச்சிக்குக் காரணம் என்பார் கூற்றை நாம் ஏற்கவில்லை. 1856இல் அவத் பறிக்கப்பட்டது. அதே ஆண்டில் புதிதாகச் சேரும் சிப்பாய் கடல் கடந்தும் சென்றாக வேண்டுமெனச் சட்டம் வந்தது. சம்பளக் குறையும் நிலவரியும் இருந்தன. மறுத்த தோட்டாக்களில் சிலவற்றைப் பின்னர் அதே சிப்பாய்கள் போரில் கைக்கொண்டனர் என்பதைச் சுட்டிக்காட்டி எள்ளுவாரும் உண்டு. தம் கையிலுள்ளதைக் கொண்டு உயிர் காக்கும் நிலைக்கும், அமைதிக்கால அணிவகுப்பில் ஆணைக்குப் பணிந்து வாயில் இடும் நிலைக்கும் உள்ள வேறுபாடு ‘ளரூரத்’ பற்றிய பாடத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

காகிதத் தோட்டாவின் காலம் அதன்பின் நெடிது நீடிக்கவில்லை. அதே 1857ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தார் உலோகத் தோட்டாவை அறையின் பின்புறமாக இடும் ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். பிரிட்டிஷ் படையில் 1866 முதல் என்ஃபீல்டு துப்பாக்கிகளே பின்புறம் திறக்கும் ஸ்னைடர் வகையாக மாற்றப்பட்டன. தோட்டாவைக் கடிக்கும் வழக்கம் அத்தோடு ஒழிந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய ரிவால்வர்களையும் அவற்றின் மறுபடிகளையும் சேகரிப்போர் இன்றும் காகிதத் தோட்டாக்களைக் கையால் சுருட்டுகின்றனர். அவர்களுள் பலர் விரும்பும் மசகில் தேன்மெழுகோடும் பாரஃபினோடும் சேர்வது ஆட்டுக்கொழுப்பு. அது எந்த விலங்கின் கொழுப்பு என்பதைக் குறிப்பாகப் பெயர் சொல்லியே எழுதி வைக்கின்றனர். காரணம் சமயமன்று, மற்றக் கொழுப்புகளைவிட அது நன்றாக வேலை செய்கிறது என்பது அவர்கள் அனுபவம்.